எங்கள் சாட்சியை நோட்டீஸில் அச்சடிக்காதீர்கள்

தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் ஆயர்களுக்கும் போதகர்களுக்கும், நற்செய்திப் பெருவிழாக்களை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே, ஸ்தோத்திரம்.

பள்ளிக்கூட விடுமுறை ஆரம்பித்தால் கன்வென்ஷன் காலமும் ஆரம்பித்துவிடும். பஸ் ஸ்டாண்டுச் சுவரிலிருந்து டீக்கடைத் தட்டி வரை போஸ்டர்கள். பாடகர் பெயர், செய்தியாளர் பெயர், கீழே ஒரு கட்டம்: ‘இஸ்லாத்திலிருந்து இரட்சிக்கப்பட்ட சகோதரியின் கண்ணீர் சாட்சி’. அந்தக் கட்டத்துக்குள் வந்து நிற்கச் சொல்லி என்னையும் பலர் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் முடியாது என்று சொன்னேன். காரணத்தைத் தனித்தனியாகப் போனில் சொல்லித் தீரவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இஸ்லாத்திலிருந்து வந்தவர்களை மேடைக்கு இழுக்காதீர்கள். பெற்று வளர்த்தவர்களின் மார்க்கத்தை எங்கள் வாயாலேயே ஏச வைக்காதீர்கள். கேட்க வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள். இப்போது வேறொரு மாவட்டத்தில் தமிழாசிரியை. திருமுழுக்குப் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். உம்மா உயிரோடு இருக்கிறார், அதே தெருவில், அதே வீட்டில். மகள் எடுத்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை போதும்.

இயேசுவைப் பற்றி முதன்முதலில் நான் கேட்டது உம்மாவிடம். ராத்தா, அதாவது அக்கா, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மாதங்களில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து மர்யம் சூரா ஓதுவார். குர்ஆனின் 19ஆவது அத்தியாயம், 98 வசனங்கள். ஓதி முடித்துக் கதையாகவும் சொல்வார். பிரசவ வலியில் பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டு, இதற்கு முன்னாலேயே நான் செத்துப் போயிருக்கக் கூடாதா என்று மர்யம் அழுகிற இடம் வந்தால் உம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். தொட்டிலில் கிடந்தபடியே தாயின் மானத்தைக் காப்பாற்றப் பேசிய குழந்தைதான் எனக்குத் தெரிந்த ஈஸா நபி. குருடருக்குப் பார்வை கொடுத்தவர், குஷ்டரோகியைச் சுகமாக்கியவர், அல்லாஹ்வின் உத்தரவால் இறந்தவரை எழுப்பியவர் என்று மதரஸாவில் ஆலிம்சா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் கூடவே ‘அலைஹிஸ்ஸலாம்’ என்று சொல்லாமல் விட்டால் தலையில் குட்டு விழும்.

இந்த மரியாதைக்குள் வளர்ந்தவள் நான். “முஸ்லிம் ஜனங்களுக்கு இயேசு யாருன்னே தெரியாது” என்று உங்கள் பிரசங்கியார் மைக்கில் முழங்கும்போது ஆமென் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

வாப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். துணைக்கு நான் இருந்தேன். கட்டில் பக்கத்து மேசை இழுப்பறையில், உள்ளங்கை அளவில், பொடி எழுத்தில் ஒரு புதிய ஏற்பாடு கிடந்தது. கையில் அச்சடித்த தாள் எது கிடைத்தாலும் படிக்கிற பழக்கம் எனக்கு. ராத்திரி வராந்தா விளக்கில் படித்தேன். ஒருநாள் வாப்பா கண் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன புள்ள அது?” சொன்னேன். “இஞ்சீல்தானே, படி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஈஸா நபிக்கு அருளப்பட்ட வேதத்தை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

மத்தேயுவில் தொடங்கி யோவானின் கடைசி அத்தியாயம் வரை வந்தேன். உயிர்த்தெழுந்தவர் திபேரியாக் கடற்கரையில் நிற்கிறார். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காத ஆட்கள் படகில் வருகிறார்கள். கரையில் ‘கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும், அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும், அப்பத்தையும்’ பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் பேதுரு. சில நாட்களுக்கு முன்னால்தான், இன்னொரு கரிநெருப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டே, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவன். அவனிடம் இயேசு கணக்குக் கேட்டிருக்கலாம். அவரோ, ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்கிறார். கேள்வி பிறகுதான் வருகிறது. அதுவும் ‘என்னை நேசிக்கிறாயா’ என்ற கேள்விதான்.

கரையில் மீன் சுடுகிற புகையில் வளர்ந்தவள் நான். ராத்திரி தொழிலுக்குப் போய் வெறுங்கையோடு வந்த ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தன்னைக் கைவிட்டவனுக்குத் தன் கையால் காலைச் சாப்பாடு ஆக்கிப் போடுகிற இறைவன் இருக்கிறான் என்றால் அவன் பின்னால் போகாமல் என்னால் இருக்க முடியாது என்று அந்த வராந்தாவில் தோன்றியது. உடனே போய்விடவில்லை. வருடங்கள் ஆயின.

இடையில் இருந்தது சிலுவை. அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்று குர்ஆனின் 4ஆவது அத்தியாயம் 157ஆவது வசனம் சொல்கிறது. தன் தூதரை அல்லாஹ் கைவிட மாட்டான், தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பதில் ஒரு முஸ்லிமுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் யோசித்திருக்கிறீர்கள்? அந்த ஆறுதலை விட்டு வருவது லேசான காரியம் இல்லை. ‘அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை’ என்று தொழுகையில் நாளெல்லாம் ஓதிய நாக்கு ‘தேவகுமாரன்’ என்று சொல்ல மறுத்தது. எனக்குக் கனவு வரவில்லை. வெள்ளை உடுப்பில் யாரும் வந்து நிற்கவில்லை. நோய் குணமாகவில்லை. கனவு கண்டு வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்கள் சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. நான் வாசித்தும் அழுதும் சண்டை போட்டும் வந்தவள்.

அந்த வருடங்களில் எனக்குத் துணையாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். வாரத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போவேன். நான் கேட்பேன், தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டால் “எனக்கும் புரியலம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்” என்பார். எப்போது ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாய் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. நோன்பு மாதத்தில் நான் போனால், எனக்கு முன்னால் தானும் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் இறந்துவிட்டார். இந்த மடலை முதலில் படித்துக் காட்டியிருக்க வேண்டியவர் அவர்தான்.

வீட்டில் சொன்ன பிறகு நடந்ததையும் சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல். வாப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். காக்கா, என் அண்ணன், கத்தினார், அழுதார், பிறகு அவரும் நிறுத்தினார். ஜமாஅத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினார்கள். ஆலிம்சா குரலை உயர்த்தவில்லை, கண்தான் கலங்கியிருந்தது. என்மேல் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் ராத்தா மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. நிக்காஹுக்கு ஜமாஅத் கடிதம் தருவார்களா என்ற பேச்சு பல மாதம் ஓடியது. நான் செய்ததற்கு ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தண்டிக்கப் பார்த்தார்கள். அது அநியாயம் என்று ஜமாஅத்துக்கே கடிதம் எழுதினேன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். வாப்பா மவுத்தான அன்று வாசலில் நின்ற என்னை முகம் பார்க்க உள்ளே கூட்டிப் போனவர் பெரியவாப்பா. ஊரில் எல்லாரையும்விடக் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர் அவர். “புள்ளைய விடுங்கப்பா” என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் அவருக்கு ஆயுளுக்கும் கடன்பட்டவள்.

இதைத்தான் நான் மேடையில் சொல்ல முடியும். ஆனால் இது உங்களுக்குப் போதவில்லை. “அடிச்சாங்களா சிஸ்டர்?” இல்லை. “ரூம்ல போட்டுப் பூட்டினாங்களா?” இல்லை. “கொலை மிரட்டல்?” இல்லை. எதிர்முனையில் சுருதி இறங்குவது எனக்குக் கேட்கும். ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: “கொஞ்சம் எடுத்துச் சொல்லணும் சிஸ்டர், அப்பத்தான் ஜனங்க உடைவாங்க.” பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை எங்களைப் பெற்றவர்களின் விஷயத்தில் மட்டும் தளர்ந்துவிடுமா?

இன்னொரு கூட்டத்தின் ஏற்பாட்டாளர் கேட்டதை எழுதவே கை கூசுகிறது. “பர்தா போட்டுட்டு வாங்க. பாட்டு முடிஞ்சதும் மேடையிலயே கழட்டிடுங்க. ரொம்ப டச்சிங்கா இருக்கும்.” எங்கள் நன்னிமார் வெள்ளைத் துப்பட்டி போட்டவர்கள். உம்மா காலத்தில்தான் கறுப்பு வந்தது. அந்தக் கறுப்பு பர்தாவில்தான் உம்மா என் பள்ளிக்கூடத்துக்கு மார்க் ஷீட் வாங்க வந்தார், வாப்பாவின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ராத்திரி பூராவும் தஸ்பீஹ் உருட்டினார். கைப்பட்டியில் நூல் பிரிந்த இடத்தை நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆயிரம் பேர் கைதட்டுவதற்காக அதை உரித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு கிறிஸ்தவர் என்னிடம் கேட்டார். உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களே, அந்தத் தாய் ஐந்து வேளை தொழுகிறவளாக இருந்தால் அந்தக் கட்டளை அவளுக்குப் பொருந்தாதா?

நான் எதையும் மூடி மறைக்கச் சொல்லவில்லை. ஈரானில் இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவரான போதகர் ஹொசைன் சூட்மாந்த் 1990இல் மஷாத் நகரில் தூக்கிலிடப்பட்டார். அதே நாட்டில், அதேபோலக் கிறிஸ்தவரான மெஹ்தி திபாஜ் ஏறக்குறைய பத்து வருடம் சிறையில் கிடந்தார், 1993 டிசம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது, உலகம் கூக்குரலிட்டதால் 1994 ஜனவரியில் வெளியே வந்தார், அதே வருடம் நடுவில் கொல்லப்பட்டார். மலேசியாவில் லீனா ஜாய் என்ற பெண் தன் அடையாள அட்டையிலிருந்து ‘இஸ்லாம்’ என்ற சொல்லை எடுக்கக் கேட்டு வருடக்கணக்கில் வழக்காடினார். 2007 மே 30 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது. நம் கோவையிலேயே, மார்க்கத்தை விட்டு நாத்திகரான ஓர் இளைஞரை 2017 மார்ச்சில் வெட்டிக் கொன்றார்கள். அவர் எந்த மதத்துக்கும் போகவில்லை, நம்பிக்கையை விட்டார், அவ்வளவுதான். இவற்றைப் பேசுங்கள். செய்தது எந்த அரசாங்கம், எந்தச் சட்டம், எந்தக் கும்பல் என்று குறிப்பிட்டுப் பேசுங்கள். இந்த இரத்தத்தை எடுத்து, பேரனுக்கு நோன்புக்கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசல் வரிசையில் நிற்கிற ஒரு கிழவரின்மேல் பூசாதீர்கள்.

மேடைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பந்தல்காரர்கள் கழியைப் பிடுங்கும்போது நீங்கள் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன், டிப்ளமோ முடித்தவன், திருமுழுக்கு எடுத்து நாலைந்து மாதம்கூட ஆகவில்லை. மைக்கைக் கொடுத்தார்கள். ‘இருளில் இருந்தேன்’ என்பதில் ஆரம்பித்து, எதிரே இருந்த கூட்டம் தட்டத் தட்ட, அவனும் மேலே மேலே போனான். நபிகளைப் பற்றி அவன் சொன்ன இரண்டு வாக்கியத்தை மட்டும் வெட்டி யாரோ பரப்பினார்கள். ஒரே வாரத்தில் அவன் வாப்பாவின் கடைக்கு வியாபாரம் நின்றது. தங்கை கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். அதுவரை வாப்பாவோடு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே இதைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவன் அவன். “நீ சொல்றது எனக்குச் சரியாப் படல, ஆனா நீ என் மகன்” என்று சொல்லியிருந்த வாப்பா அவர். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. அவனை மேடையேற்றியவர்களின் போன் அப்புறம் எடுக்கப்படவில்லை. இப்போது அவன் பள்ளிவாசலுக்கும் போவதில்லை, உங்கள் சபைக்கும் வருவதில்லை.

இன்னும் வெளியே சொல்லாமல் இருக்கிறவர்களைப் பற்றியும் யோசியுங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிற மனைவிமார், அக்கா மகள் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கிறவர்கள். உங்கள் போஸ்டரைப் பார்த்ததும் அவர்கள் இன்னும் உள்ளே போய்விடுகிறார்கள். இவர்களைக் கோழைகள் என்று பிரசங்கிக்கிறீர்கள். நாகமானை மறந்துவிட்டீர்களா? இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட அந்தச் சீரியப் படைத்தலைவன், என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான், நானும் குனிய வேண்டிவரும், கர்த்தர் மன்னிப்பாராக என்று எலிசாவிடம் கேட்டான். எலிசா அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. ‘சமாதானத்தோடே போ’ என்று மட்டும் சொல்லி அனுப்பினார். உங்களிடம் வருகிறவர்களுக்கு அந்த அளவு பொறுமை கிடைக்கக் கூடாதா?

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைக்கான அவசரச் சட்டம் வந்தது நினைவிருக்கும். பெண்ணையோ, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி மக்களையோ, சிறுவரையோ மாற்றினால் கூடுதல் தண்டனை: 4 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். படித்து, யோசித்து, வருடக்கணக்கில் தன்னோடு போராடி ஒரு பெண் எடுக்கும் முடிவைச் சிறுபிள்ளையின் முடிவோடு ஒரே வரியில் வைத்த சட்டம் அது. 2004இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். இப்போது உத்தரப் பிரதேசத்தில் 2021 முதல் அதைவிடக் கடுமையான சட்டம் இருக்கிறது. இந்தச் சட்டங்களின் அடியில் இருக்கிற எண்ணம் என்ன? மதம் மாறுகிறவர் தானாக மாறுவதில்லை, யாரோ பிடித்து மாற்றுகிறார்கள் என்பது. ‘இத்தனை ஆத்துமாக்கள் அறுவடை’ என்று நீங்கள் நோட்டீஸ் போடும்போது அந்த எண்ணத்துக்கு நீங்களே முத்திரை குத்துகிறீர்கள். என்னை யாரும் அறுவடை செய்யவில்லை. நானே நடந்து வந்தேன்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், முஸ்லிம்கள் 5.86 சதவீதம். கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு சிறிய சமூகங்கள், ஒரே மாதிரி பயங்களோடு பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்கிறார்கள். உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் கூட வந்து நிற்கப் போகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் சாட்சியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பவுல் சொன்னது போலச் சொல்ல வேண்டும். எருசலேமில் தன்னை அடித்துக் கொல்ல வந்த கூட்டத்தைப் பார்த்து அவர் ‘சகோதரரே, பிதாக்களே’ என்றுதான் ஆரம்பித்தார். அப்போஸ்தலர் 22ஐ எடுத்துப் பாருங்கள். கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்ததை மதிப்போடு சொல்கிறார். நீங்கள் எல்லாரும் இன்று இருக்கிறதுபோல நானும் தேவனைக்குறித்து வைராக்கியமுள்ளவனாயிருந்தேன் என்கிறார். எதிரே நிற்பவர்களின் பக்தியை அவர் மறுக்கவில்லை. முக்கியமாக, அவர் பேசியது அவர்களுக்கு முன்னால். உங்கள் மேடையில் நாங்கள் பேசுவது ஏற்கெனவே நம்புகிற கிறிஸ்தவர்கள் முன்னால், அங்கே இல்லாத முஸ்லிம்களைப் பற்றி.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. ஷேக் சாலிஹ் என்ற டெல்லிக்காரர் ஹென்றி மார்ட்டின் என்ற ஆங்கிலேயப் போதகரின் பேச்சால் ஈர்க்கப்பட்டு 1811இல் கல்கத்தாவில் திருமுழுக்குப் பெற்று அப்துல் மசீஹ் ஆனார். ஆக்ராவில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே ஊழியம் செய்தார். 1866இல் அமிர்தசரஸில் திருமுழுக்குப் பெற்ற மௌலவி இமாதுத்தீன் வேறு பாதையில் போனார். பெரிய படிப்பாளி, ஆனால் எழுதியதில் பாதி தர்க்கம், கடுமையான தர்க்கம். அவர் அறிவை நான் மதிக்கிறேன், அந்தப் பாதை எனக்கு ஒட்டவில்லை. என் மனசுக்கு நெருக்கமானவர் ஜான் சுபான். கல்கத்தாவில் பிறந்து, சூஃபி வழியில் தீட்சை வாங்கி, பிறகு கிறிஸ்தவராகி, மெதடிஸ்ட் சபையின் பேராயராகவே உயர்ந்தவர். அப்படிப்பட்டவர் இந்தியாவின் சூஃபி மகான்களையும் தர்காக்களையும் பற்றி உட்கார்ந்து ஆராய்ந்து ஒரு முழு நூல் எழுதினார். காம்பியா நாட்டில் முஸ்லிமாகப் பிறந்து கிறிஸ்தவரான லாமின் சன்னே, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர், 2019இல் இறந்தார். கத்தி எடுக்காமல் கல்வியாலேயே மார்க்கத்தைப் பரப்பிய மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் அறிஞர்களின் வரலாற்றை எழுதுவதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். தான் விட்டு வந்த வீட்டின் நல்லதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதால் அவருடைய கிறிஸ்தவ விசுவாசம் எந்த இடத்திலும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்கு ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ உத்தரவு சொல்லுங்கள் என்கிறார் பேதுரு. அந்தக் கரிநெருப்புக்குப் பக்கத்தில் சாப்பிட்ட அதே பேதுரு. என்னிடம் கேட்கிற முஸ்லிம் உறவினர்களுக்கு அப்படித்தான் சொல்கிறேன். ராத்தா மகள், ஆமாம், எந்தப் பெண்ணின் சம்பந்தம் என்னால் நின்றதோ அவள்தான், போன வருடம் போன் பண்ணி, “சாச்சி, நீங்க ஏன் போனீங்க?” என்று கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம். சிலுவையைப் பற்றி நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை. வைக்கும்போது “துஆ செய்யுங்க சாச்சி” என்றாள். எந்தக் கன்வென்ஷனையும் விட அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பெரிது.

மேடைக்குப் பதிலாக எங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்டால் நிறைய இருக்கிறது.

எங்களை வழிநடத்துகிறவர்களுக்குக் கொஞ்சமாவது சட்டம் தெரிய வேண்டும். கல்யாணமான ஒரு முஸ்லிம் பெண்ணிடம், ஞானஸ்நானம் எடுத்துவிட்டால் பழைய கல்யாணம் தானாக முறிந்துவிடும் என்று ஒரு போதகர் சொல்லியிருக்கிறார். தவறு. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: மனைவி இஸ்லாத்தை விட்டு வேறு மதத்துக்குப் போவதால் மட்டும் திருமணம் முறியாது. அந்தச் சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் முறிக்க வேண்டும். அந்தப் போதகர் பேச்சை நம்பி அவள் மறுமணம் செய்திருந்தால் கதி என்ன? அதேபோல, மதம் மாறியவருக்குச் சொத்தில் பங்கே கிடையாது என்று ஊரில் சொல்வதைச் சபையிலும் திரும்பச் சொல்கிறீர்கள். மதம் மாறினார் என்பதற்காக ஒருவரின் வாரிசுரிமையைப் பறிக்க முடியாது என்று 1850ஆம் ஆண்டிலேயே 21ஆவது சட்டம் சொன்னது. பின்னாளில் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது, இன்றைய நிலையை வக்கீலிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். உங்கள் மறைமாவட்டங்களில் வக்கீல்கள் இல்லையா? மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களை உட்கார வையுங்கள்.

பெயரை மாற்றச் சொல்லாதீர்கள். என் பெயர் வாப்பாவின் உம்மாவுடைய பெயர். அதை என் திருமுழுக்கு அன்று ‘கிரேஸ்’ ஆக்கப் பார்த்தார்கள். ஆயரிடம் பேசி, என் பெயரிலேயே எடுத்தேன். யாருக்காவது புதுப் பெயர் வேண்டுமென்றால் அது அவர்கள் விருப்பம்.

பெருநாள் அன்று எங்களைத் தனியாக விடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு ஆயிரம் பேர் கை குலுக்குவார்கள். ஆனால் நோன்புப் பெருநாள் பிறை தெரிந்த ராத்திரியில், பக்கத்துத் தெருவில் தக்பீர் முழக்கம் கேட்கும்போது, சொந்தங்கள் எல்லாம் உம்மா வீட்டில் கூடியிருப்பார்கள் என்று தெரிந்தும் போக முடியாமல் இருப்பவரின் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒரு குடும்பம் வந்தால் போதும். பிரசங்கம் எதுவும் வேண்டாம்.

கல்யாண விஷயத்தில் நீங்கள் செய்வதையும் சொல்லியாக வேண்டும். மேடையில் ‘எங்கள் சகோதரன்’ என்று கட்டிப்பிடிக்கிறவர்கள், அந்தச் சகோதரனுக்குப் பெண் கேட்டு வந்தால் “என்ன ஆளுங்கன்னு தெரியலையே” என்கிறீர்கள். ஒரு சாதியும் இல்லாமல் வந்தவனுக்கு உங்கள் சபையின் சாதிக் கட்டத்தில் இடமில்லை. பள்ளிவாசலில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் யாரென்று நாங்கள் கேட்டு வளரவில்லை. இதில் நீங்கள்தான் எங்கள் வீட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம், இதில் எனக்குப் பதில் வேண்டும். இஸ்லாத்திலிருந்து வந்த ஒருவர் இறந்தால் எங்கே அடக்கம் செய்வது? மையவாடியில் இடம் கேட்க முடியாது. சபைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், சங்க டைரியில் பெயர் இருக்கிறதா, சந்தா பாக்கி இருக்கிறதா, குடும்பக் கல்லறை எது என்று கேட்கிறார்கள். குடும்பமே இல்லாமல் வந்தவருக்குக் குடும்பக் கல்லறை எங்கிருந்து வரும்? வெளியே சொல்லாமல் விசுவாசித்த ஒருவருடைய பெயர் எந்த டைரியில் இருக்கும்? எங்கள் டீச்சர் இறப்பதற்கு முன் தன் குடும்பக் கல்லறையில் எனக்கும் இடம் உண்டு என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கி வைத்தார். எல்லோருக்கும் அப்படி ஒரு டீச்சர் கிடைப்பதில்லை.

ஆகவே, உங்கள் அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுங்கள். வேறு மார்க்கத்திலிருந்து வந்து உறவுகள் இல்லாமல் இறக்கும் எவருக்கும், டைரியில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சந்தா கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கூடவே, இஸ்லாத்திலிருந்து வந்தவர்களின் படத்தையோ பெயரையோ எந்த நோட்டீஸிலும் போட மாட்டோம் என்று இரண்டாவது தீர்மானம். இரண்டும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். என்னை மேடைக்குக் கூப்பிட்ட உங்கள் எல்லோரிடமும் என் போன் நம்பர் இருக்கிறது. தீர்மானத்தின் நகலை அதற்கே அனுப்புங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபைகளில் ஒன்றின் பின்வரிசையில் உட்காரும் சகோதரி